சைலன்சருக்கு அந்தப் பக்கம்

பழைய காரோட பானெட்டைத் திறந்து இன்ஜினைக் கழுவிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. வருஷக்கணக்கா கசிந்த ஆயிலும் ரோட்டுப் புழுதியும் சூட்டுல வெந்து, தோசைக்கல்லில் ஒட்டின கரி மாதிரி பிடிச்சிருக்கும். எங்க டிபார்ட்மென்ட் ஒர்க்‌ஷாப்ல நிற்கிற பழைய கார் ஒன்றைக் கழுவும் வேலை போன செமஸ்டரில் எங்க பேட்சுக்கு வந்தது. இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, ஆல்டர்னேட்டரையும் ஃபியூஸ் பாக்ஸையும் பாலிதீன் கவரால் மூடிக் கட்டி, டிகிரீசர் அடித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம். மூணு தடவை திருப்பித் திருப்பிச் செய்த பிறகுதான் அலுமினியம் கண்ணுக்குத் தெரிஞ்சது. எல்லாரும் இன்ஜின் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம்.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். கருப்புத் தண்ணி, அதுக்கு மேலே வானவில் கலர்ல எண்ணெய்ப் படலம், மெதுவா ஊர்ந்து போய் ஒர்க்‌ஷாப் பின்னாடி இருக்கிற மழைநீர்க் கால்வாயில் இறங்கிக்கிட்டிருந்தது. அழுக்கு எங்கேயும் போகலை. இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

அப்போது நினைவுக்கு வந்தவர் தாமஸ் மிட்ஜ்லி. ஐ.சி. இன்ஜின் பாடத்தில் நாக்கிங் பற்றிப் படிக்கும்போது அவருடைய கண்டுபிடிப்பு ஒரு வரியில் வந்து போகும். நெட்டில் தேடினால், உலகத்துக்கு அதிகக் கெடுதல் செய்த மனிதர் என்று அவரைப் பற்றி வீடியோ வீடியோவா வரும். அந்த வீடியோக்களைப் பார்த்தால் ஏதோ சினிமா வில்லன் மாதிரி இருப்பார். ஆனால் அவர் வாழ்க்கையை முழுசாகப் படித்தபோது எனக்கு வேற மாதிரி ஒரு பயம் வந்தது. அவர் நம்மை மாதிரியே ஒருத்தர். மெக்கானிக்கல் படிச்சவர். கொடுத்த பிராப்ளத்தை நல்லாவே சால்வ் பண்ணினவர்.

1889 மே 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் மிட்ஜ்லி பிறந்தார். வளர்ந்தது ஒஹாயோவில் உள்ள கொலம்பஸில். அப்பா டயர், சக்கரம் என்று எதையாவது புதுசாகச் செய்துகொண்டே இருந்தவர். அம்மா வழித் தாத்தாவும் கண்டுபிடிப்பாளர். 1911ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். உலகம் பின்னாளில் அவரை கெமிஸ்ட் என்றே சொன்னது. ஆனால் கையில் இருந்த டிகிரி மெக்கானிக்கல். கெமிஸ்ட்ரியை வேலையில் சேர்ந்த பிறகு தானாகப் படித்துக்கொண்டார்.

1916ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். காருக்கு எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்தவர் கெட்டரிங். அவர் மிட்ஜ்லிக்குக் கொடுத்த வேலை ஒரே ஒரு கேள்விதான்: இன்ஜின் ஏன் தட்டுகிறது?

நாக்கிங் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டு போகும்போது, அது வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். பிஸ்டன் அடிவாங்கும். இதனால் கம்ப்ரஷன் ரேஷியோவை ஏற்றவே முடியாது. ஏற்ற முடியாவிட்டால் பவரும் இல்லை, மைலேஜும் இல்லை. அந்தக் காலத்தில் இதற்கான காரணமே யாருக்கும் சரியாகத் தெரியாது. கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று அவர் மேலேயே பழி போட்டவர்களும் உண்டு. பழி இக்னிஷன் மேல் இல்லை, பெட்ரோல் எரியும் விதத்தில் இருக்கிறது என்று மிட்ஜ்லி காட்டினார்.

அடுத்தது மருந்து தேடும் வேலை. முதல் மருந்து கிடைத்த கதை வேடிக்கையானது. பனிக்கு அடியிலேயே பூக்கும் ஒரு செடி, அதன் இலைகள் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தைச் சீக்கிரம் இழுக்கும்போல, பெட்ரோலைச் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகி ஒழுங்காக எரியுமோ என்று ஒரு யோசனை வந்தது. கைவசம் சிவப்புச் சாயம் இல்லாததால் அயோடினைக் கலந்து பார்த்தார்கள். நாக்கிங் நின்றுவிட்டது! பிறகு நிஜமான சிவப்புச் சாயத்தைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. தியரி தப்பு, ரிசல்ட் சரி. லேபில் நமக்கும் இது நடந்திருக்கும்.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும். அதனால் மிட்ஜ்லியும் அவரோடு வேலை பார்த்த தாமஸ் பாய்டும் மற்றவர்களும் ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்தார்கள். அனிலீன் வேலை செய்தது, நாற்றம் தாங்க முடியவில்லை. டெல்லூரியம் இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆனால் அழுகின பூண்டு மாதிரி ஒரு வாசனை உடம்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போகவில்லை. கடைசியில் குருட்டாம்போக்கில் தேடுவதை விட்டுவிட்டு தனிம வரிசை அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் பலன் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்ந்தார்கள். அந்த வழி ஈயத்தில் போய் முடிந்தது.

1921 டிசம்பர் 9. டெட்ரா எத்தில் லெட் என்ற திரவத்தைத் துளியளவு எரிபொருளில் கலந்து இன்ஜினை ஓட்டினார்கள். தட்டல் காணாமல் போனது. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 3 சி.சி. போதும், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது கெட்டரிங்குக்கும் மிட்ஜ்லிக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்களே ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆல்கஹாலை நிறையக் கலக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஈயக் கலவை துளி போதும், பேட்டன்ட்டும் வாங்கலாம். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஈயம் விஷம் என்பதும் அப்போது புதிய செய்தி இல்லை. பெயின்ட் அடிப்பவர்களும் ஈயம் உருக்குபவர்களும் படும் பாடு டாக்டர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான்.

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். நாக்கிங் நின்றது, ஆனால் புதிய தலைவலி ஆரம்பித்தது. எரிந்த ஈயம் எங்கே போகும்? ஈய ஆக்சைடாக மாறி இன்ஜினுக்குள்ளேயே படிந்தது. ஸ்பார்க் பிளக் முனையில் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு ஸ்பார்க்கை நிறுத்தியது. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல், இடுக்கு வழியே சூடான வாயு கசிந்து வால்வே கருகிப் போனது. சோதனை வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிரஷ் போட்டுத் தேய்க்கிற அழுக்கு இல்லை இது. ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டருக்குள் ஒவ்வொரு பவர் ஸ்ட்ரோக்கிலும் சேர்ந்துகொண்டே இருக்கிற அழுக்கு.

மிட்ஜ்லியின் குழு கண்டுபிடித்த விடை, வெறும் இன்ஜினியரிங்காகப் பார்த்தால், அபாரமானது. ஈய ஆக்சைடு அவ்வளவு சூட்டிலும் திடமாகவே இருக்கும். ஆனால் ஈயத்தைப் புரோமினோடு சேர்த்துவிட்டால் வரும் ஈய புரோமைடு அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். ஆகவே எத்திலீன் டைபுரோமைடு என்ற பொருளையும் பெட்ரோலிலேயே கலந்துவிட்டார்கள். இன்ஜின் ஓட ஓடத் தன்னைத் தானே கழுவிக்கொண்டது. பிளக் சுத்தம், வால்வு சுத்தம். ஈயம் புகையோடு புகையாக சைலன்சர் வழியே வெளியே போனது.

அந்தப் புரோமினுக்காக அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் தெரியுமா? நிலத்தில் கிடைத்தது போதாமல் கடலிலேயே கை வைத்தார்கள். கடல் நீரில் பத்து லட்சத்தில் சுமார் 65 பங்குதான் புரோமின். ஒரு கிலோ எடுக்க கிட்டத்தட்ட 15 டன் கடல் நீரை இறைக்க வேண்டும். 1925ல் ஒரு கப்பலையே ஆலையாக்கிச் சோதனை செய்தார்கள். 1934ல் வட கரோலினாவின் கியூர் பீச் கடற்கரையில் பெரிய ஆலையே ஓட ஆரம்பித்தது. ஸ்பார்க் பிளக் அழுக்காகக் கூடாது என்பதற்காகக் கடலையே வடிகட்டியிருக்கிறார்கள்.

தெர்மோடைனமிக்ஸ் முதல் வகுப்பில் கன்ட்ரோல் வால்யூம் வரையச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கா? புள்ளிக்கோடு போட்டு ஒரு கட்டம். உள்ளே இருப்பது நம்ம கணக்கு. வெளியே இருப்பதற்கு சரௌண்டிங்ஸ் என்று பெயர் வைத்து விட்டுவிடுவோம். மிட்ஜ்லி போட்ட புள்ளிக்கோடு சைலன்சர் முனையோடு நின்றுவிட்டது. அதற்கு உள்ளே அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது ரோடும் காற்றும் தெருவில் விளையாடுகிற குழந்தைகளும்.

1923 பிப்ரவரி 2 அன்று டேட்டன் நகரப் பங்க் ஒன்றில் ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எத்தில் என்று அழகான பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் இல்லை. அந்த வருஷம் இண்டியானாபோலிஸ் 500 ரேஸில் முதல் மூன்று இடங்களும் இந்தப் பெட்ரோல் போட்ட கார்களுக்கே. அதே 1923ன் தொடக்கத்தில் மிட்ஜ்லி உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தார். காரணம் ஈய நச்சு. அது அவருக்கே தெரியும்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. 5 பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். டீப்வாட்டர் என்ற ஊரில் இருந்த இன்னொரு ஆலையிலும் சாவுகள் நடந்தன. அங்கே வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் பிடிக்கப் பார்த்ததால், அந்தக் கட்டடத்துக்கே பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வந்துவிட்டது. நியூயார்க் உட்பட சில இடங்களில் விற்பனையைத் தடை செய்தார்கள்.

அக்டோபர் 30 அன்று நிருபர்களைக் கூட்டி மிட்ஜ்லி ஒரு காரியம் செய்தார். டெட்ரா எத்தில் லெட்டைத் தன் கையில் ஊற்றி, சோப்புப் போட்டுக் கழுவுவது போலத் தேய்த்துக்கொண்டார். பிறகு பாட்டிலை மூக்கருகே வைத்து ஒரு நிமிஷம் மூச்சிழுத்தார். தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார். அதே ஈயத்தால் தான் படுத்திருந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அவர் கதையில் நான் மன்னிக்க முடியாத இடம் இது. ஒரு பொருளின் கெடுதல் தெரியாமல் அதைச் செய்வது வேறு. தன் உடம்பே சாட்சியாக இருக்கும்போது சபையில் சிரித்துக்கொண்டு கை கழுவிக் காட்டுவது வேறு.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாடு கூட்டியது. ஹார்வர்டில் இருந்து வந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றவர்கள் இந்த ஈயம் வேண்டவே வேண்டாம் என்று வாதாடினார்கள். விற்பனை கொஞ்ச காலம் நின்றது. ஒரு கமிட்டி சில மாதம் ஆய்வு செய்து, தடை போட இப்போதைக்குக் காரணம் இல்லை, நீண்ட கால ஆய்வு தொடர வேண்டும் என்றது. முதல் பாதியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். 1926ல் விற்பனை மறுபடி ஆரம்பமானது.

மிட்ஜ்லி அடுத்த வேலைக்குப் போனார். அப்போதைய ஃபிரிட்ஜ்களில் இருந்த வாயுக்கள் கசிந்தால் உயிரே போகும். விஷமில்லாத, தீப்பிடிக்காத வாயு ஒன்று தேவைப்பட்டது. சில நாளிலேயே அவர் குழு ஃப்ரியானைக் கொண்டுவந்தது. 1930ல் ஒரு கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். இந்த முறை அவர் காட்டியது உண்மைதான், சமையலறையில் அது பாதுகாப்பானது. அது மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்பது 1974ல்தான் தெரிய வந்தது. மறுபடியும் அதே புள்ளிக்கோடு.

பதக்கங்கள் குவிந்தன. 1944ல் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் தலைவராகவும் ஆனார். ஆனால் 1940லேயே, 51 வயதில், போலியோ அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. படுக்கையிலிருந்து எழுந்து சக்கர நாற்காலிக்கு மாற, கயிறும் கப்பியும் வைத்துத் தனக்குத்தானே ஒரு அமைப்பைச் செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி இறந்து கிடந்தார். வயது 55. நெட்டில் இதை வைத்து நிறைய ஜோக் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் இறந்த பிறகும் அவர் இன்ஜினிலிருந்து துரத்திய அழுக்கு எங்கெங்கோ படிந்துகொண்டே இருந்தது. அதை முதலில் பார்த்தவர் கிளேர் பேட்டர்சன். விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆனால் எதை அளந்தாலும் ஈயம் அதிகமாகவே காட்டியது. மேஜை, பாத்திரம், காற்று, தலைமுடி, எல்லாவற்றிலும் ஈயம். அவர் லேபைத் துடைத்துத் துடைத்து, பாத்திரங்களை ஆசிட்டில் ஊறவைத்து, வெளிக் காற்றே நுழையாத அறையைக் கட்டினார். அதன் பிறகுதான் 455 கோடி வருஷம் என்ற கணக்கு சரியாக வந்தது. அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். கடலின் மேல்மட்டத் தண்ணீரில் ஆழத்தைவிட அதிக ஈயம். கிரீன்லாந்துப் பனியில் சமீபத்திய அடுக்குகளில் அதிக ஈயம். 1965ல் அவர் இதை வெளிப்படையாக எழுதியதும் தொழில்துறையின் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தார்.

கடைசியில் ஈயத்தை முதலில் தடுத்து நிறுத்தியதும் ஒரு படிவுதான். புகையைச் சுத்தப்படுத்த 1975ல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. சைலன்சர் வழியே வெளியேறிய ஈயம் அந்தக் கன்வர்ட்டர் மேல் படிந்து அதைக் கெடுத்தது. கார் ஓட வேண்டுமானால் ஈயம் போக வேண்டும். பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, மக்களின் ரத்தத்தில் இருந்த ஈயமும் கூடவே குறைந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், அதற்கு ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றே கிடையாது என்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. சென்னையில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995ல் வந்தது. இந்தியா முழுக்க ஈயப் பெட்ரோல் 2000ல் நின்றது. அதாவது நம்ம பேட்ச் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அது நம்ம ரோட்டில் எரிந்துகொண்டிருந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. சின்ன பிஸ்டன் விமானங்களின் பெட்ரோலில் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த விமானங்களின் மெக்கானிக்குகள் இன்றைக்கும் ஸ்பார்க் பிளக்கிலிருந்து ஈயக் குருணைகளை ஊசியால் குத்தி எடுக்கிறார்கள். நம்ம ஊர் பங்க்கிலோ இப்போது பெட்ரோலோடு 20 சதவீதம் ஆல்கஹால் கலந்து வருகிறது.

மிட்ஜ்லியை வில்லன் என்று சொல்லி முடித்துவிடுவது நமக்கு வசதி. அப்படிச் சொன்னால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இன்னும் சில மாதத்தில் நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பிராப்ளத்துக்குப் புள்ளிக்கோடு போடப் போகிறோம். கோட்டை எங்கே நிறுத்துவது என்று அப்போது எந்தக் கேள்வித்தாளும் சொல்லாது. நிறுத்தின இடம் தப்பு என்று உடம்பே சொன்னாலும், கூட்டத்தின் முன் கையைக் கழுவிக் காட்டுகிற ஆசை நமக்கும் வரலாம்.

போன மாசம் அந்தக் காரை மறுபடியும் கழுவினோம். இந்தத் தடவை தண்ணியைப் பீய்ச்சி அடிக்கலை. கீழே பெரிய தகர டிரே வைத்து, டிகிரீசரைக் கொஞ்சமா அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்தோம், சொட்டினதை மரத்தூள் போட்டு உறிஞ்சினோம். ரெண்டு மடங்கு நேரம் ஆச்சு. இன்ஜின் போன தடவை அளவுக்குப் பளபளக்கவும் இல்லை. டிரேயில் சேர்ந்த கருப்புக் குழம்பை ஒரு பழைய ஆயில் கேனில் ஊற்றி மூடி வைத்திருக்கோம். அதை யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவாகலை, லேப் அசிஸ்டென்ட் அண்ணன் விசாரிச்சுக்கிட்டிருக்கார். அது வரைக்கும் ஒர்க்‌ஷாப் மூலையில நிக்குது. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா அழுக்கு எங்கே இருக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.